பங்கேற்பாளர் முப்பத்தொன்று

பிப்ரவரி 3

டயரியின் முதல் பக்கம் பெயர், முகவரி, இரத்த வகை எல்லாம் கேட்கிறது. எழுதிவிட்டேன். முனைவர் ஆவுடைநாயகி, அரசியல் அறிவியல் துறை, பாளையங்கோட்டை, ஓ பாசிட்டிவ். பதவி என்ற இடத்தில் மட்டும் ‘இணைப் பேராசிரியர்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். மார்ச் ஆறாம் தேதி தேர்வுக்குழு நேர்காணல். அது நல்லபடியாக முடிந்தால் ‘இணை’யை அழித்துவிட்டுப் பேனாவை எடுக்கலாம். ஐம்பத்தாறு வயதில் வருகிறது. வரட்டும், இப்போதாவது வருகிறதே.

இருபத்தேழு வருடம். முதல் பதினைந்து வருடம் ஊராட்சித் தேர்தல்களைப் பற்றி எழுதினேன். ஒரு ஈ காக்கை படிக்கவில்லை. பிறகு இணைய அரசியல் என்று ஆரம்பித்தபோது ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். “நாள் பூரா போனை நோண்டுறதுக்கு ஆராய்ச்சின்னு பேரா மேடம்?” என்று கேட்ட பொருளாதாரத் துறைக்காரர், இப்போது தன் மருமகன் அனுப்பும் ஃபார்வர்டு நிஜமா பொய்யா என்று என்னிடம்தான் வந்து நிற்கிறார். நான் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. இரண்டு தடவை இருக்கலாம்.

இப்போதைய வேலை வாட்ஸ்அப் வதந்தி. இந்த வட்டாரத்தில் அறுபத்து நான்கு பேர், தங்கள் குழுக்களில் வரும் அரசியல் ஃபார்வர்டுகளை எங்களுக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பங்கேற்பாளர் ஒன்று, பங்கேற்பாளர் இரண்டு. எந்த எண் யார் என்ற பட்டியல் ஜெபராணியின் பீரோவில் பூட்டியிருக்கிறது. எனக்கே தெரியாது, தெரியவும் கூடாது. அதுதான் முறை. ஜெபராணி என் துறையில் உதவிப் பேராசிரியர். என்னிடம்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

துறையில் மின்விசிறி இன்னும் ஓடவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் பொங்கலிலிருந்து சொல்கிறார்.

பிப்ரவரி 5

காலையில் இவர் பேப்பரை நீட்டி, “ஏளா, உன் சப்ஜெக்ட் வந்திருக்கு பாரு” என்றார்.

நம்பித்தோட்டம் தெருவில் நேற்று மாரித்தங்கம் என்ற அங்கன்வாடிப் பணியாளரை முப்பது நாற்பது பேர் சூழ்ந்துகொண்டிருக்கிறார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு வேலைக்காக அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறாள். படிவங்களைப் பிடுங்கிக் கிழித்து, ஒரு வீட்டுப் படியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. பேப்பரில் அதை அப்படியே போட்டிருந்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

‘எச்சறிக்கை!!! வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்திருக்கோம் என்று சொல்லிப் பெண்கள் வீடு வீடாக வருகிறார்கள். கைரேகை வைக்கச் சொல்வார்கள். வைத்தால் உங்கள் ஓட்டு வேறு ஊருக்குப் போய்விடும். ரேஷன் கார்டும் ரத்தாகிவிடும். பக்கத்து மாவட்டத்தில் நாற்பது குடும்பம் ஏமாந்துவிட்டது. ஆகவே யாரும் கதவைத் திறக்காதீர்கள். வருகிறவர்களை விடாமல் பிடித்து வையுங்கள். சொந்தபந்தம் அனைவருக்கும் பகிரவும்.’

வதந்தி இலக்கணப்படி எல்லாம் இருக்கிறது. பயம் இருக்கிறது, பக்கத்து மாவட்டம் இருக்கிறது, ஒரு எண்ணிக்கை இருக்கிறது, கடைசியில் ஒரு கட்டளை. எழுத்துப்பிழைகூட சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இது நம் தொகுப்பில் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல ஜெபராணிக்கு போன் செய்தேன். “பாக்கேன் மேடம்” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. “மேடம், அந்த மெசேஜை நீங்க முழுசாப் படிச்சியளா?”

படித்தேன் என்றேன்.

“சரி மேடம்.”

இவள் எப்போதுமே இழுத்து இழுத்துத்தான் பேசுவாள். மதியம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. எனக்கு இறங்கவில்லை. வெயில் இப்போதே ஏறிவிட்டது.

பிப்ரவரி 6

தலைவலி. லீவு சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9

கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்து, இனிப்பும் வைத்தார். இருபத்தேழு வருடத்தில் இனிப்பு இதுதான் முதல் தடவை.

மாரித்தங்கம் வேலை பார்க்கும் துறை, அந்த வதந்தி எங்கே கிளம்பியது என்று ஒரு நிபுணர் அறிக்கை கேட்டிருக்கிறதாம். “நம்ம ஜில்லாவுல இதுக்கு உங்கள விட்டா யாரு மேடம் இருக்கா? நேர்காணலுக்கு முன்னால இப்படி ஒண்ணு அமையுறது பெரிய விஷயம். நல்லாப் பண்ணிக் குடுங்க” என்றார்.

வேண்டாம், எனக்கு வேலை அதிகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மின்விசிறி சரியாகிவிட்டது. ஆனால் ரெகுலேட்டர் இல்லை. ஓடினால் புயல், இல்லாவிட்டால் இல்லை.

பிப்ரவரி 13

அறிக்கை கொடுத்தாயிற்று. பன்னிரண்டு பக்கம்.

எங்கள் தொகுப்பில் அந்தச் செய்தி பதினேழு தடவை வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் முந்தியது பங்கேற்பாளர் 31 அனுப்பியது. ஜனவரி 29, காலை 6.40, ‘அங்கன்வாடி அம்மாக்கள்’ என்ற குழு. அதற்கு முன்னால் யாரிடமிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. எங்களிடம் இருப்பது அறுபத்து நான்கு பேர், ஊரில் இருப்பது லட்சம் பேர். ‘இது தொகுப்பில் கிடைத்த முதல் பதிவு மட்டுமே, செய்தியின் தோற்றுவாய் அல்ல’ என்று பதினோராம் பக்கத்தில் அடிக்குறிப்பு போட்டிருக்கிறேன். நேர்மையாகத்தான் செய்திருக்கிறேன்.

மாரித்தங்கத்தின் துறை அலுவலகத்தில் அறிக்கையை வாங்கிய அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இந்த முப்பத்தொண்ணு யாரு மேடம்?” என்றார்.

“சொல்லக் கூடாது சார். ஆய்வு நெறி.”

“பேரு வேண்டாம். எந்த குரூப், எத்தன மணி, அது போதும்.”

அது அறிக்கையிலேயே இருக்கிறதே என்றேன். அவர் மூன்றாம் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார். பெயர் நான் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன், பெயர் நான் கொடுக்கவில்லை.

ஜெபராணி கூடவே வந்திருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் அறிக்கையின் நகலை மடியில் வைத்து மூன்றாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னம்மா என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல மேடம், வயிறு சரியில்ல” என்றாள்.

பிப்ரவரி 20

மாரித்தங்கத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். ‘வதந்தியைப் பரப்பியவரே வதந்திக்குப் பலி’ என்று பேப்பரில் தலைப்பு. அடிபட்டவளேதான் அதை முதலில் பரப்பியவளாம். ‘நிபுணர் குழுவின் ஆய்வில் தெரியவந்தது.’ குழுவாம்! நானும் ஜெபராணியும் ஒரு பழைய கணினியும்.

ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. “தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா” என்றார் பொருளாதாரத் துறைக்காரர். “மேடம் ஒரே அறிக்கையில பிடிச்சுட்டாங்களே” என்று எனக்குக் கை கொடுக்க வந்தார். கையில் சாக்பீஸ் தூசி என்று சொல்லிவிட்டேன்.

முப்பத்தொன்று அவள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டியல் என்னிடமா இருக்கிறது?

பிப்ரவரி 21

சனிக்கிழமை, வகுப்பு இல்லை. ஜெபராணி வீட்டுக்கு வந்தாள். இவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். உட்கார் என்றேன், உட்காரவில்லை.

“உனக்கு முன்னாடியே தெரியுமா, முப்பத்தொண்ணு அவங்கதான்னு?”

“தெரியும் மேடம். பேரு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கிய. ஒங்ககிட்டயும்தான்.”

பிறகு தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இதப் பாருங்க.”

எங்கள் இரண்டாமாண்டு மாணவர்களின் வகுப்புக் குழு. போன செப்டம்பர் பதினெட்டு. அதில் நான் அனுப்பிய இரண்டு செய்திகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

சரி, எழுதித்தான் ஆக வேண்டும். டயரியில்கூட எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது.

வதந்தியை எப்படி இனம்காண்பது என்ற பாடம். நிஜமான வதந்தியைக் கொடுத்தால் எந்தக் கட்சியைச் சொன்னீர்கள் என்று வம்பு வரும். அதனால் நானே ஒன்று எழுதினேன். பயம், பக்கத்து மாவட்டம், எண்ணிக்கை, கட்டளை. பொருத்தமாக இருக்கட்டும் என்று ‘எச்சரிக்கை’யை வேண்டுமென்றே தப்பாக எழுதினேன். அதற்கே எனக்குக் கை கூசியது. வகுப்பில் எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். “மேடம், எல்லாம் ஓகே, ஆனா ஃபார்வர்டுல எவனும் ‘ஆகவே’ன்னு எழுத மாட்டான்” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள். அதை எடுத்துவிட்டால் இரண்டு வாக்கியத்துக்கும் ஒட்டு இருக்காது என்று நான் இலக்கணம் பேசினேன். ‘ஆகவே’ இருந்தது.

பயிற்சிக்காக எழுதியது என்று சொல்லாமலா அனுப்பினேன்? சொன்னேன். ‘கீழே வருவது மாதிரி மட்டுமே. பயிற்சிக்காக நான் எழுதியது. வெளியே பகிரக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் அனுப்பினேன். ஆனால் அதைத் தனிச் செய்தியாக அனுப்பினேன். மாதிரியை அடுத்த செய்தியாக. பார்க்க நன்றாக இருக்குமே என்று.

ஃபார்வர்டு செய்கிறவன் ஒரு செய்தியைத்தான் தொடுவான். மேலே இருக்கிற எச்சரிக்கை கூடவே போகாது. இதை நான் மூன்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக இதையே பிழைப்பாக வைத்திருக்கிற நான் இப்படிச் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். யார் வெளியே விட்டது, விளையாட்டாகவா வினையாகவா, தெரியாது. கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்.

“என்ன செய்யப் போறிய மேடம்?” என்று கேட்டாள் ஜெபராணி.

“சொல்லத்தான் போறேன். ஆறாம் தேதி முடியட்டும்.”

“அவங்க வேலை போயிரும் மேடம்.”

“விசாரணை முடிஞ்சாத்தானே போகும்? இப்ப வெறும் சஸ்பென்ஷன். நான் பாத்துக்கிறேன், நீ இதுல தலையிடாத. நீயும் அந்தக் குரூப்புக்கு அட்மின், ஞாபகம் இருக்கட்டும்.”

கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவர் சுரைக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கி வந்தார். கீரையை ஆய்ந்து வைத்தேன்.

மார்ச் 2

மாரித்தங்கத்தைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. வெளியே வந்து வரவேற்கவில்லை, உள்ளிருந்தே “வாங்க மேடம், கதவச் சாத்திட்டு வாங்க” என்றாள். தெருவில் யாரும் பேசுவதில்லையாம். குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட அவள் புருஷன்தான் போகிறார். மாவு மில்லில் வேலை அவருக்கு. கல்லூரியிலிருந்து வதந்தி ஆராய்ச்சி செய்கிறவள் என்று மட்டும் சொன்னேன். அறிக்கை எழுதியவள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“அத நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா மேடம், இந்தக் கையாலதான். விடியக்காலம் எங்க மதினி அனுப்பியிருந்தா. எங்க சென்டருக்கு வார பிள்ளையளோட அம்மாமாருக்கு ஒரு குரூப் வச்சிருக்கேன். பாவம், அதுங்க ஏமாந்துரக் கூடாதேன்னு போட்டேன். வாரது நான்தான்னு எனக்கு அப்பம் தெரியாது. சரிபாக்குற வேலைன்னு எனக்கு ஆர்டர் வந்ததே அன்னைக்கு மத்தியானந்தான்.”

“ஆர்டர் வந்த பிறகு தோணலையா?”

“இல்ல மேடம். அது வேற யாரோ திருடிகளப் பத்தில்லா? நான் கவர்மெண்டு ஆளு.”

அன்று அவளைச் சூழ்ந்த கூட்டத்தில் அவள் சென்டருக்குப் பிள்ளையை அனுப்புகிற இரண்டு அம்மாக்கள் இருந்தார்களாம். ஒருத்தி போனைக் காட்டி, “டீச்சர், நீங்கதான அனுப்பினிய? அப்பம் நீங்களே வாரிய?” என்று கேட்டாளாம்.

“நீங்க எப்படி நம்பினீங்க? இதுமாதிரி தினம் நூறு வருமே” என்றேன்.

“தப்புந் தவறுமாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ‘ஆகவே’ன்னு போட்டிருந்துச்சு மேடம். நம்மள மாதிரி ஆளுக ஆகவேன்னா எழுதுவோம்? ஆபீஸ் சர்க்குலர்லதான் அப்படி வரும். படிச்சவங்க யாரோ விஷயம் தெரிஞ்சு எழுதியிருக்காவன்னு நெனச்சேன்.”

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவளே தண்ணீர் கொடுத்தாள், இடது கையால். இடது கையால் கொடுப்பதற்கு மன்னிக்கச் சொன்னாள்.

“மேடம், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. இத முத முதல்ல யாரு எழுதினான்னு கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா? ஒம்பதாம் தேதி விசாரணை. எழுதினது வேற ஆளுன்னு தெரிஞ்சா வேலை நிக்கும்னு எங்க யூனியன்ல சொல்லுதாவ. இருவத்திரண்டு வருஷம் மேடம். என்கிட்ட ‘அ’ எழுதின பிள்ளை இப்பம் காலேஜ் போகுது.”

முயற்சி பண்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படித்தான் சொன்னேன். முயற்சி பண்றேன்.

மார்ச் 4

விடைத்தாள் திருத்தம். நாற்பது முடித்தேன்.

மார்ச் 6

நேர்காணல் முடிந்தது. நீலப் பட்டுப்புடவை. வெளியூரிலிருந்து வந்த வல்லுநர் ஒருவர், “வதந்தியை உருவாக்குபவர் யார்? உங்கள் பன்னிரண்டு வருட ஆய்விலிருந்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்” என்றார். “உருவாக்குகிறவருக்குத் தான் உருவாக்கியது என்னவென்று பெரும்பாலும் தெரிவதில்லை” என்றேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

முதல்வர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மார்ச் 8

ஞாயிறு. கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். செப்டம்பர் பதினெட்டாம் தேதிச் செய்திகளின் படமும் இணைத்திருக்கிறேன். விசாரணை பதினொரு மணிக்கு. காலை பத்து மணிக்கு நேரில் போய்க் கொடுத்துவிடுவேன். நாளைக்குள் இது முடிந்துவிடும்.

மார்ச் 9

ஒன்பதரைக்கு ஆட்டோவில் ஏறப்போகும்போது முதல்வர் போன். தேர்வுக்குழு ஒப்புதல் தந்துவிட்டதாம். “ஆணை டைப்பாகி வர ஒரு வாரம் ஆகும் மேடம். அதுவரைக்கும் லீவு, கீவு எதுவும் போடாம காலேஜுல இருங்க, ஏதாவது கையெழுத்து கேப்பாங்க.”

கல்லூரிக்குப் போனேன். மதியம் துறையில் கேக் வெட்டினார்கள். ஜெபராணி லீவு.

மார்ச் 17

ஆணை கைக்கு வந்தது. டயரியின் முதல் பக்கத்தைத் திருத்தவில்லை. ரப்பர் அகப்படவில்லை.

மார்ச் 22

இவர் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். ‘முயற்சி’யை ‘முயர்ச்சி’ என்று. வேண்டுமென்றேதான் வாசிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

“ஏளா, நாலு தடவ வாசிச்சிட்டேன். திருத்த மாட்டியா?”

கவனிக்கவில்லை என்றேன்.

“முப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு எழுத்து தப்பாச் சொல்லி நீ விட்டது கிடையாது. ஒன்றரை மாசமா எது சொன்னாலும் உம் போடுத. புரொபசராயிட்டா சந்தோசப்படணும். என்னன்னு சொல்லு.”

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். அரிசி களைந்துகொண்டே சொல்ல ஆரம்பித்து, பாதியில் கை அப்படியே தண்ணீரில் நின்றுவிட்டது. இவர் டெலிபோன் இலாகாவில் இருந்தவர், இடையில் பேசமாட்டார், கடைசிவரை கேட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு விசாரணை முடிஞ்சிட்டா?”

“ஒம்பதாம் தேதியே.”

“என்னாச்சுன்னு கேட்டியா?”

“இல்ல.”

“கேக்கப் பயமா?”

ஆமாம் என்றேன். அழுகை வந்தது. இவர் என் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டார். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். “நாளைக்குக் காலையில போறோம். நான் வெளிய நிக்கேன், நீ உள்ள போயிச் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 23

பதினைந்து நாள் பழைய கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி எடுத்துப் போனேன். அதே அதிகாரி. நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார்.

“என்ன மேடம் இது?”

“உண்மை சார். எழுதினது நான். அந்தம்மா மேல தப்பில்ல. அவங்கள வேலையில சேத்துக்கணும்.”

அவர் மாரித்தங்கத்தின் கோப்பை எடுக்கச் சொல்லி என் பக்கம் திருப்பினார். ஒன்பதாம் தேதி விசாரணையில், குற்றம் நிரூபணமானால் வேலையும் போகும், வரவேண்டியதும் போகும், தானாக விலகிக்கொண்டால் கௌரவமாகப் போகலாம் என்று யாரோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். விருப்ப விலகல் கடிதம், டைப் செய்தது. அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

“கையெழுத்து இல்லையே?”

“வலது கை கட்டுல இருந்துச்சுல்லா. இடது பெருவெரல வச்சாங்க.”

இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள்.

“இத ரத்து பண்ண முடியாதா?”

“ஏத்துக்கிட்டு ஆர்டர் போட்டாச்சு மேடம். அந்த சென்டருக்கு வேற ஆளும் போட்டாச்சு. ஒம்பதாம் தேதி பதினோரு மணிக்கு முன்னால இந்தக் காயிதம் இங்க இருந்திருந்தா நானே அவங்களுக்காகப் பேசியிருப்பேன்.” கடிதத்தின் மூலையில் ஏதோ எழுதிக் கோப்பில் வைத்தார். “இத ரெக்கார்டுல வச்சுக்கிடுதேன். வேற என்ன செய்ய.”

அங்கிருந்து கல்லூரிக்குப் போய் முதல்வரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “பாடம் நடத்துறப்ப நடந்த விஷயம், இதுக்கெல்லாம் மேல எழுத முடியுமா? ரெண்டு நாள் வீட்டுல ஓய்வெடுங்க மேடம்” என்றார். கடிதத்தைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். என் வேலைக்கு ஒரு கீறலும் விழவில்லை.

மார்ச் 24

காலை ஒன்பது மணிக்கு மாரித்தங்கம் வீட்டுக்குப் போனேன். இவர் தெருமுனையில் நின்றுகொண்டார்.

கட்டுப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு சற்றுக் கோணலாக ஒட்டியிருக்கிறது. ஒரு பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “மேடம், கண்டுபிடிச்சிட்டியளா?”

“கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. அத எழுதினது நான்.”

அவளுக்குப் புரியவில்லை. வகுப்பு, பாடம், மாதிரி, இரண்டு செய்தி, ஒன்று மட்டும் வெளியே போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை கொடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். நேற்று ஆபீசில் நடந்ததையும் சொன்னேன். பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொல்கிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அப்பம் நான் இல்லியா?” என்றாள்.

“நீங்க இல்ல. இத ஆரம்பிச்சு வச்சது நான்.”

“ஏங்க! இங்க வாங்க. நான் இல்லியாம். மேடம் சொல்லுதாவ, நான் இல்லியாம்!” அவள் புருஷன் சட்டையில் மாவோடு பின்கட்டிலிருந்து ஓடிவந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். தன் கையால்தான் எல்லாம் கெட்டது என்று ஐம்பது நாளாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கையை அவள் வெறுத்துப்போனதாகவும், கட்டுப் பிரித்த பிறகும் அதைக்கொண்டு சாப்பிடவில்லை என்றும் அவர் சொன்னார். உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் கையால்தான் கொடுத்தாள். டம்ளர் கொஞ்சம் ஆடியது. அவள் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை. வேலை போனதைக்கூட அந்த நிமிடம் அவள் நினைக்கவில்லை.

அவள் புருஷன்தான் கேட்டார். “மேடத்துக்கு இது எப்பம் தெரியும்?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். ஜெபராணி வந்து போனைக் காட்டிய நாளைச் சொல்லியிருக்கலாம், இந்த டயரியிலும் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

“பிப்ரவரி அஞ்சு. பேப்பர்ல முதல் வரியைப் படிச்சப்பவே தெரியும்.”

மாரித்தங்கம் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். “அதுக்குப் பொறவுதான நீங்க இங்க வந்திய? இதே எடத்துல இருந்திய. யாரு எழுதினான்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேட்டேனே?”

“கேட்டீங்க.”

“ஒம்பதாம் தேதி விசாரணைன்னும் சொன்னேனே மேடம்?”

“சொன்னீங்க.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். வெளியே தண்ணீர் லாரி வந்து ஹார்ன் அடித்தது. குடங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டுவாள், நான் அழுவேன், காலில்கூட விழுவேன் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

“காப்பி ஆறுது மேடம். குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றாள், என்னைப் பார்க்காமல்.

குடித்தேன்.